வட்டம் போடும் விளக்குகள்

விளக்குக் கம்பெனியில் வேலை பார்க்கும் அருமை மகனுக்கு,

விளக்குகளாலேயே நொந்து நூலாகிப்போன உன் அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, அப்படி எழுதலாமா என்று நீயே சொல்.

போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் குரல் கேட்டதும் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். மருமகள் எப்படி இருக்கிறாள், குழந்தைக்குச் சளி விட்டதா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் கார் ஹெட்லைட் பேச்சு வந்துவிடுகிறது. அப்பாவும் பிள்ளையும் அதைப் பேசி முடிக்கும்போது அடுப்பில் ஏதாவது ஒன்று தீய்ந்திருக்கும்.

நீ கடைசியாக அனுப்பிய எல்இடி பல்பு வந்து சேர்ந்தது. அன்றைக்கே மாட்டியாகிவிட்டது, ஒரு பக்கம் மட்டும். இன்னொரு பக்கம் பழைய ஹாலஜன் பல்பே இருக்கட்டுமாம், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். கார் இப்போது ஒரு கண் மஞ்சளும் ஒரு கண் வெள்ளையுமாக வாசலில் நிற்கிறது. போலீஸ்காரர் ஒருவர் வழியில் நிறுத்தி, என்ன பெரியவரே இது என்று கேட்டாராம். அப்பா, ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அந்த ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. பொழுது சாய்ந்ததும் காரை எதிர்ச் சுவரைப் பார்த்து நிறுத்துவார். சுவரில் சாக்பீஸ் கோடு. என்னைக் கையில் குடையோடு சுவரோரம் நடக்கச் சொல்லுவார். நான்தான் ரோட்டைக் கடக்கும் ஆள். எந்த வெளிச்சத்தில் நான் நன்றாகத் தெரிகிறேன் என்று ஸ்டீயரிங் மேல் சாய்ந்துகொண்டு பார்ப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் என்னை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததே இல்லை.

எதிர்வீட்டுத் தையல்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். எல்இடி வெளிச்சம் நேராக அவர் மிஷின் மேல் அடிக்கிறதாம், ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லையாம். கார் எலக்ட்ரீஷியனும் முதலிலேயே சொன்னார். பல்பைச் சுத்தி இருக்கிற இந்தக் கிண்ணம் ஹாலஜனுக்குன்னு செஞ்சதும்மா, இதுல எல்இடி மாட்டினா வெளிச்சம் ரோட்டுல விழாது, எதிர்ல வர்றவன் கண்ணுலதான் விழும் என்றார். உன் அப்பா காதில் வாங்கினால்தானே. என் பையனுக்குத் தெரியாததா இவனுக்குத் தெரியும் என்று முடித்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அப்பா, ஹாலஜன் சோகை பிடித்த மாதிரி எரிகிறது, சுற்றி வட்டம் வேறு போடுகிறது என்றார். நீ செனான் பல்பு அனுப்பினாய். அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் முழு வெளிச்சத்துக்கு வந்தது. வந்ததும், நீலமாகப் புகை மூட்டம் போலிருக்கிறது, வட்டமும் போகவில்லை என்றார். பிறகு எல்இடி. போட்ட உடனே பளிச்சென்று எரிகிறது, ஆனால் வட்டம் இன்னும் பெரிதாகிவிட்டது என்கிறார். நானும் விளக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தவர், இந்த வாசல் பல்பை யார் மாத்தினது, இதுவும் வட்டம் போடுதே என்று கேட்டார். யாரும் மாற்றவில்லை. அப்புறம் மேலே பார்த்துவிட்டு, இன்னிக்கு நிலாவைச் சுத்தியும் வட்டம் கட்டியிருக்கு, மழை வரும்போல என்றார். எனக்கு வட்டம் எதுவும் தெரியவில்லை. மழையும் வரவில்லை. நிலாவையும் நீதான் பார்சலில் அனுப்பினாயா?

காரில் நான் சும்மா உட்கார்ந்து வருவதாக நினைக்காதே. லாரி, மேடு, நாய் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வருகிறேன். ஏன்டி கத்துற, எனக்குத் தெரியாதா என்பார். நான் சொன்ன பிறகுதான் பிரேக்கை மிதிப்பார். இப்படித்தான் ஒருநாள் சாயங்காலம் கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். முன்னால் போன சைக்கிள்காரரை நான் பார்க்கவில்லை, அதனால் அப்பாவும் பார்க்கவில்லை. அந்த மனிதர் தானாக ஓரத்து மண்ணில் இறங்கிக்கொண்டதால் பிழைத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, எல்இடி சரியில்லை, வேற கேட்கணும் என்றார். ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

கண் டாக்டரிடம் போகலாம் என்று நயமாகவும் சொன்னேன், கத்தியும் சொன்னேன். காலம் பூரா பஸ் ஓட்டினவன்கிட்ட கண்ணைப் பத்திப் பேசுறியா என்றார். கண்ணாடி போடாமலே ரிட்டயர் ஆனவர் என்று டிப்போவில் அவருக்குப் பேர் உண்டு, உனக்குத் தெரியும். அதோடு விட்டாரா? லைட் கம்பெனியில இருக்கிற உன் பிள்ளையே லைட்டுலதான் குறைன்னு மாத்தி மாத்தி அனுப்புறான், உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்.

நாள் முழுக்க விளக்கைச் சோதிக்கிறவன் நீ. மூன்று ரகமும் ஒரே மாதிரி வட்டம் போடாது என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் பல்பாக அனுப்பிக்கொண்டிருக்கிறாயே என்று உன்மேல் அப்படிக் கோபம் வந்தது. அப்பாவிடம் சொல்ல வாய் வராமல்தான் அனுப்புகிறாய் என்று பிறகு தோன்றியது. கோபம் பாதி குறைந்தது, முழுதும் போகவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குடையோடு நிற்கிறவள் நான்தானே.

லீவுக்கு நீங்கள் மூன்று பேரும் வருகிற விமானம் சாயங்காலம் இறங்குகிறது. திரும்பும்போது இருட்டிவிடும். நெடுஞ்சாலை முழுக்கத் தானே ஓட்டி உங்களை அழைத்துவரப் போவதாக அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பின் சீட்டில் மருமகள் மடியில் குழந்தை இருக்கும். நான் எத்தனை லாரியைத்தான் சொல்லுவேன்?

அதனால் இனி எந்த விளக்கும் வேண்டாம். புதிதாக எது வந்திருந்தாலும் சரி, அனுப்பாதே. அவருக்கு ஒரு போன் போடு. ஸ்பீக்கர் போட்டிருந்தாலும் பரவாயில்லை. விளக்கில் குறை இல்லை அப்பா, கண்ணைக் காட்டுங்கள் என்று நீ சொல்லு. நீ சொன்னால் கேட்பார். நீ ஒருவன் சொன்னால்தான் கேட்பார். நீங்கள் வருகிற அன்றைக்கு எலக்ட்ரீஷியனைக் காரை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஹாலஜனை மாட்டி, அவரே காரைக் கொண்டுவருவார்.

மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நல்லபடியாக வந்து சேருங்கள்.

அப்புறம் ஒன்று. போன வாரம் கடை வாசலில் புதுப் புடவையில் நின்றிருந்தேன். பட்டப்பகலில் அப்பா என்னைத் தாண்டிப் போய், என்னையே தேடினார். நான் குரல் கொடுத்த பிறகுதான் திரும்பினார். விமான நிலையத்திலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நிற்பார், வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். நீ பாட்டுக்குக் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு வராதே. தூரத்திலேயே அப்பா என்று சத்தமாகக் கூப்பிட்டுவிடப்பா.

உன்
அம்மா