ஓணானுக்கும் பீரோவுக்கும் சண்டை

மார்ச் 2

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

நீ சௌக்கியம்தானே? உன் அக்காவும் அத்தானும் சௌக்கியமா? நான் இருக்கிறேன். 'போனில் பேசினால் நீங்கள் ஏதாவது ஜோக் அடித்து மழுப்பிவிட்டு வைத்துவிடுவீர்கள், இனி எதுவானாலும் எழுதுங்கள்' என்று நீ கறாராகச் சொல்லிவிட்டதால், கடைக்குப் போய்த் தாளும் உறையும் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் கையால் எழுதியது 'லிஃப்ட் பழுது' என்ற பலகை ஒன்றைத்தான். எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துவிட்டுப் படி.

விஷயத்துக்கு வருகிறேன். அறிவித்துவிட்டார்கள்! ஓணானுக்கும் பீரோவுக்கும் சண்டை. சாம்பியன் பெல்ட்டுக்கான கூண்டுச் சண்டை, ஐந்து ரவுண்டு. அதுவும் டிவியில் இல்லை. நம் ஊர் உள்விளையாட்டு அரங்கத்திலேயே கூண்டு போடுகிறார்களாம். இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை. அடிப்பதற்கு முன்னால் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறான் என்று அவனுக்கு ஓணான் என்று பேர் வைத்தவள் நீ. அந்தச் சதுர உடம்புக்காரனைப் பீரோ ஆக்கியதும் நீதான். அவர்களுடைய நிஜப் பெயரை போஸ்டரில் பார்த்தபோது யாரோ இவர்கள் என்று ஒரு கணம் விழித்தேன்.

செய்தி வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் கதவின் சென்சாரை மாற்றப் போய், பழையதையே துடைத்து மாட்டிவிட்டுப் புதியதைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். நீ வந்தே ஆகவேண்டும். நீ இல்லாமல் நான் எப்படிப் பார்ப்பது? ஓணான் கூண்டுக்குள் காலெடுத்து வைத்ததும் நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பதும், நீ கூடத்திலிருந்து ஒவ்வொரு அடியையும் கத்திச் சொல்வதும்தானே நம் வழக்கம்! அரங்கத்தில் சமையலறை கிடையாது. ஆனால் வெளியே நடைவழி இருக்கும். நான் அங்கே நிற்கிறேன், நீ நாற்காலியிலிருந்து போனில் சொல். அன்று மட்டும் போன் எடுக்கலாம் அல்லவா?

வருவாய் என்ற நம்பிக்கையில்,
உன் லிஃப்ட்காரன்

மார்ச் 6

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. அக்கா உங்கள் கையெழுத்தைப் பார்த்து, "என்னடி, டாக்டர் சீட்டு மாதிரி இருக்கு" என்றாள். இங்கே எல்லோரும் நலம். பரிசோதனைக் கூடத்தில் காலையிலிருந்து நின்றுகொண்டே ரத்தம் எடுத்து எனக்குக் கால் வீங்குகிறது, அவ்வளவுதான்.

நான் வரவில்லை.

சண்டை பிடிக்காமல் இல்லை. நம் வீட்டில் உண்மையான ரசிகை நான்தான். நீங்கள் ஓணானின் ரசிகர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறீர்கள், அவன் சண்டை ஒன்றையாவது முழுசாகப் பார்த்திருக்கிறீர்களா? குழாய்த் தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறீர்கள். மிச்சமெல்லாம் நான் சொன்னது. அதிலும் பாதி பொய்.

ஆமாம், பொய். அந்த நெட்டையனோடு நடந்த சண்டையில் ஓணான் வழுக்கிவிட்டான் என்று சொன்னேனே, வழுக்கவில்லை. தாடையில் வாங்கி மரம் மாதிரி சாய்ந்தான். புருவம் கிழிந்தபோது வியர்வை என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் "என்னாச்சு? என்னாச்சு?" என்று கேட்கும் குரலில் ஒரு நடுக்கம் இருக்கும். அதைக் கேட்டால் எனக்கு நிஜத்தைச் சொல்ல வாய் வராது. பார்ப்பதும் நான், பயப்படுவதும் நான், அதைப் பூசி மெழுகி உங்களுக்கு ஊட்டுவதும் நான். எனக்கு அலுத்துவிட்டது.

அக்கம்பக்கத்தில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
ஊசிக்காரி

மார்ச் 10

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

மரம் மாதிரியா சாய்ந்தான்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தச் சண்டையின் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லக் கூடாது. ஓணான் தலையாட்டியது தெரியும், அதற்குப் பிறகு நான் எங்கே இருந்தேன் என்றால் மாடிப்படியில். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. கால் தானாகக் கொண்டுபோய்விட்டது. கீழ் வீட்டு அம்மா, "என்ன தம்பி, கரண்ட் போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவருக்கு ரத்தம் ஆகாதாம். அப்புறம் யோசித்தேன், யார் வந்து என்ன, அவர்கள் உன்னை மாதிரி சொல்வார்களா? நீ சொன்னால் பொய்யாக இருந்தாலும் எனக்குப் போதும்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று நான் எவ்வளவு பொறுமையாகப் பேசுவேன் தெரியுமா? போன வாரம் ஒரு வக்கீல் உள்ளே அழுதார். பேசிப் பேசியே சிரிக்க வைத்தேன். வெளியே நிற்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. உள்ளே இருப்பதுதான் ஒத்துவரவில்லை. இதற்குப் போய் ஒரு மனுஷனைத் தண்டிப்பாயா? இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. வா.

தவிப்புடன்,
உன் லிஃப்ட்காரன்

மார்ச் 14

லிஃப்ட்காரருக்கு,

வெளியே நிற்பதில் மிஞ்ச ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது கை கூசவில்லையா?

போன ஆண்டு ஸ்கேன் அறையில் நான் படுத்திருந்தபோது, டாக்டர் முகம் மாறியதைப் பார்த்ததும், "தண்ணி வாங்கிட்டு வரேன்" என்று போனீர்களே. வயிற்றிலிருந்த ஐந்து மாதப் பிள்ளையின் இதயம் நின்றுவிட்டதை நான் தனியாகக் கேட்டேன். பிறகு நானே எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு நடைவழிக்கு வந்தேன். நீங்கள் சுவரோரமாக நின்றுகொண்டு "என்னாச்சு?" என்றீர்கள். அதே குரல். சமையலறைக் குரல். அன்றைக்கும் நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நான் வீட்டை விட்டு வந்ததற்கு உங்கள் அம்மா ஆயிரம் காரணம் சொல்கிறாராம். காரணம் இது ஒன்றுதான்.

சரி, இவ்வளவு கேட்கிறீர்கள், ஒன்று சொல்கிறேன். நீங்கள் போங்கள். தனியாகப் போங்கள். ஓணான் ஜெயித்தாலும் தோற்றாலும் கடைசி மணி வரை நாற்காலியை விட்டு எழக் கூடாது. பார்த்ததைப் பார்த்தபடி எனக்கு எழுதுங்கள். நான் அந்தச் சண்டையைப் பார்க்க மாட்டேன். யார் சொன்னாலும் காதில் வாங்க மாட்டேன். இந்த ஒரு தடவை நான் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன். அதற்குப் பிறகு நாம் சேர்ந்து இருப்பதைப் பற்றிப் பேசலாம். எழுந்து போய்விட்டால் அதையும் எழுதிவிடுங்கள். விவாகரத்துக்கு வக்கீலிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

ஊசிக்காரி

மார்ச் 19

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

சரி.

நீ எழுதிய மற்றதற்குப் பதில் எழுதிப் பார்த்தேன். நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதனால் சண்டையைப் பற்றியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

தினமும் பழகிப் பார்க்கிறேன். முன்பின் தெரியாதவர்களின் சண்டை என்றால் உட்கார முடிகிறது. ஓணான் என்றால் இரண்டாவது ரவுண்டு தாண்டவில்லை. நேற்று இடுப்பு பெல்ட்டை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். நாற்காலியோடு எழுந்து நிலைப்படியில் இடித்துக்கொண்டதுதான் மிச்சம். முட்டி வீங்கியிருக்கிறது. சிரிக்காதே.

உருப்படியாக ஒன்று தெரிந்துகொண்டேன். ஓணான் தலையாட்டுவது பயத்தில். அடிப்பதற்கு முன்னால் பயப்படுகிறான், பிறகு அடிக்கிறான். இவ்வளவு காலம் அவனுக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். நீ ஏன் இதைச் சொல்லவில்லை?

போஸ்டரில் பீரோ முறைக்கிறான். அந்தச் சுவரைக் கடக்கும்போது தெருவின் அடுத்த பக்கம் மாறிக்கொள்கிறேன்.

உன் லிஃப்ட்காரன்

மார்ச் 23

அன்புள்ளவருக்கு,

முட்டிக்கு ஐஸ் வையுங்கள். சிரித்தேன், மறைக்கவில்லை. அக்கா என்னவென்று கேட்டாள், கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

எனக்கும் மனம் ஒரு நிலையில் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் இதையே பேசுகிறார்கள். கணக்குப் பிரிவுக்காரர் பீரோ பக்கம். நான் வைத்த பேர்கள் அவருக்கும் தெரியும். "உங்க ஓணானை மடிச்சு உள்ள வச்சுப் பூட்டிடுவான் பாருங்க" என்றார். அதே கடுப்போடு ஊசியை எடுத்துக்கொண்டு போனால் நாற்காலியில் இருந்த பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது! ஓணான் பெல்ட்டுக்குச் சண்டை போடுவதை நான் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தால் வயிறு எரிகிறது. என்ன கேட்டேன் என்று எனக்குத் தெரியும். நீங்கள் மட்டும் இழப்பதாக நினைக்காதீர்கள்.

பீரோ கழுத்தைப் பிடிக்க வருவான். அப்போது கண்ணை மூடாதீர்கள்.

ஊசிக்காரி

மார்ச் 29

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

நீ காதைப் பொத்திக்கொண்டிருந்தாலும் இதற்குள் தெரிந்திருக்கும். சண்டை நடக்கவில்லை.

வாசல் திறந்ததுமே போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் என் துண்டைப் போட்டு வைத்தேன், யாரும் வந்துவிடக் கூடாது என்று. முதலில் நடந்த சின்னச் சண்டைகளையெல்லாம் பார்த்தேன். ஒருவன் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது, பார்த்தேன். வியர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. ஆனால் எழவில்லை. விளக்கை அணைத்தார்கள், கூட்டம் காது கிழியக் கத்தியது. அடுத்து ஓணான்தான் வரவேண்டும். உன் பெயரைச் சொல்லிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

வந்தான். கையுறை இல்லை, சாதாரணச் சட்டை, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தான். உள்ளே உடம்பைச் சூடேற்றும்போது முழங்கால் பிசகிவிட்டதாம், டாக்டர் அனுமதிக்கவில்லையாம். அவனே மைக்கை வாங்கி, "மன்னிச்சிடுங்க, என்னால முடியல" என்றான். ஜனங்கள் ஊளையிட்டார்கள். ஒருவன் பாட்டிலை எறிந்தான். என் பின்னால் இருந்தவர் காசைத் திருப்பிக் கொடு என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். ஓணான் ஒளியவில்லை. கடைசி ஆள் திட்டி ஓயும்வரை நடுவில் நின்றான். நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருக்கிறான்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று உனக்கு எழுதலாம். எழுந்து போகவில்லைதானே? ஆனால் சண்டை நடந்திருந்தால், பீரோ அவன் கழுத்தைப் பிடித்திருந்தால் உட்கார்ந்திருப்பேனா? சத்தியமாகத் தெரியாது. இன்னொரு தேதி அறிவிப்பார்கள், அதுவரை பொறு என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

எல்லோரும் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பெருக்க வந்தவர் காலைத் தூக்கச் சொன்னார். அப்போதுதான் தோன்றியது. நான் பார்க்க வேண்டியது ஓணானின் சண்டையே இல்லை.

அன்று அந்த அறையில் என்ன நடந்தது? நீ "போயிடுச்சு" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாய். அதற்குமேல் நான் கேட்கவும் இல்லை. முழுசாக எழுது. வியர்வை என்று எழுதாதே. நடந்ததை எழுது.

உன்
லிஃப்ட்காரன்

ஏப்ரல் 3

அன்புள்ளவருக்கு,

எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனீர்கள். டாக்டரம்மா கருவியை என் வயிற்றில் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். நான் ரத்தம் எடுக்கிறவள், கெட்ட செய்தி வைத்திருக்கும் முகம் எனக்குத் தெரியாதா? "இருங்க டாக்டர், என் வீட்டுக்காரர் வந்துடுவார், அவரும் இருக்கட்டும்" என்றேன். அவர் சரி என்று காத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் உங்களுக்காகக் காத்திருந்தோம். திரை என் பக்கம் பாதி திரும்பியிருந்தது. பிள்ளை ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரிதான் இருந்தது. நெஞ்சுக்கு நேரே மட்டும் ஒன்றும் அசையவில்லை. நான் திரையைப் பார்ப்பேன், கதவைப் பார்ப்பேன், திரையைப் பார்ப்பேன். வெளியே அடுத்த ஆளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி வர மாட்டார், சொல்லுங்க" என்றது நான்தான்.

நடைவழியில் உங்கள் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. வீட்டிலிருந்து நான் நிரப்பிக் கொண்டுவந்தது. மூடிகூடத் திறக்காமல் நிறைந்தே இருந்தது.

மறுநாள் எல்லாம் முடிந்த பிறகு நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு தடவை கையில் வாங்கினேன். நீங்கள் கீழே பில் கட்டிக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் வீட்டுக்கு வந்தோம். நீங்கள் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை.

இவ்வளவுதான். எதையும் மெழுகவில்லை.

ஊசிக்காரி

ஏப்ரல் 7

என் அன்புக்குரியவளுக்கு,

படித்தேன். நடுவில் எழுந்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். 'திரையைப் பார்ப்பேன், கதவைப் பார்ப்பேன்' என்ற இடத்தில் கால் எழுந்துவிட்டது. வாசல்வரை போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். பிறகு திரும்பி வந்து, உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். இரண்டாம் தடவை எழவில்லை. எவ்வளவு அழுதேன் என்று உனக்குச் சொல்லி அதற்கும் உன்னையே தேற்ற வைக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நீ என்னோடு திரும்பி வரவேண்டும் என்று கேட்க வரவில்லை. அக்காவிடம் எனக்காகச் சமைக்க வேண்டாம் என்று சொல். உன் எதிரில் உட்கார ஒரு இடம் இருந்தால் போதும்.

எனக்குக் கேட்க ஒன்று இருக்கிறது. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். இதுநாள்வரை அது எனக்குத் தெரியாது என்பதே எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. கடிதத்தில் பதில் எழுதாதே, நேரில் சொல்.

நம் பிள்ளை பையனா, பெண்ணா?