எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று வாசித்த கடிதம்

அன்புள்ள மகளுக்கு, அப்பா வாயால் சொல்லத் தம்பி கையால் எழுதுவது.

இதனால் சம்பந்தப்பட்ட யாவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நம் சமையலறைக் குழாய் சொட்டுவது கடந்த செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு நிரந்தரமாக நின்றுவிட்டது. மூன்று வருஷமாக நிலுவையில் கிடந்த விவகாரம். அடியில் காவல் இருந்த வாளி ஓய்வு பெற்று மொட்டைமாடிக்குப் போய்விட்டது. குழாயை முடுக்கியவர் அம்மா, நாற்காலியில் உட்கார்ந்து வழி சொன்னவர் அப்பா, ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தவன் நான், ஆகவே பெருமை மூவருக்கும் சரிபங்கு. இதற்கு அடுத்தபடியான சில்லறைச் செய்திகள்: இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே நீயும் அப்படித்தான் என்று நம்புகிறோம், இல்லையென்றால் மூடி மறைக்காமல் எழுது. அப்பாவின் வலது கண்ணில் திங்கட்கிழமை புரை எடுத்தாயிற்று. நிலைமை கட்டுக்குள் இருக்கிறது, அதாவது கண் கட்டுக்குள் இருக்கிறது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி. அதிலும் இப்போது பனி மூட்டம்தான், ஆளைத் தெரியும், எழுத்து தெரியாது. இரண்டு வாரம் படிக்காதே, எழுதாதே, குனியாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முப்பது வருஷம் லிஃப்ட் குழிக்குள் குனிந்தே சம்பாதித்தவரிடம் குனியாதே என்றால் அவர் என்னதான் செய்வார், இதோ உட்கார்ந்து எனக்கு டிக்டேஷன் கொடுக்கிறார்.

போனில் சொல்லிவிடலாமே என்று நானும் கேட்டேன், என் விரல் வலி எனக்கு. அதெல்லாம் கூடாதாம். லிஃப்ட்டை நிறுத்தச் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன்தான் ஓடட்டும் என்றும் கையெழுத்துப் போட வேண்டும், அது அவர் தொழிலில் சட்டமாம். போன தடவை உனக்கு வேண்டாம் என்று எழுத்தில் சொன்னதால் இந்தத் தடவையும் எழுத்தில்தான் சொல்வாராம். அதனால் அப்பா என்று பெயர் போட்டு வருவதெல்லாம் அவர் சொன்னது, மற்றபடி நடுநடுவே மணம் வீசினால் அது என் கைச்சரக்கு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்கிலேயே வேலை, ஆனால் நேரம் மாறிவிட்டது, காலை ஆறு மணிக்கே போய்ப் படுக்கை விரிப்புகளை எண்ணி வாங்க வேண்டும். எண்ணிப் பழகிப் பழகி வீட்டிலும் தலையணை உறையை எண்ணுகிறாள், ஒன்று குறைந்தால் என்னைத்தான் பார்க்கிறாள். ஈரத் தலையோடு படுக்காதே, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே, அறையில் கூட இருக்கும் பெண் இருமுகிறாள் என்றாயே, அவள் டம்ளரில் தண்ணீர் குடிக்காதே, இவை மூன்றும் அம்மா கதவருகே செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னவை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ போன வாரம் எழுதிய கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு முறை படித்தேன். கண்ணாடிக் கட்டடத்துக் கம்பெனியில் வக்கீல் வேலைக்கு முப்பதாம் தேதி கையெழுத்துப் போடப் போகிறேன், சட்ட உதவி அலுவலகத்துக்காரர்களும் அதே முப்பது வரைதான் எனக்கு இடத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள், அப்பா வேண்டாம் என்றதால் அதை விட்டுவிடுகிறேன், வருத்தமில்லை என்று எழுதியிருந்தாய். வருத்தமில்லை என்பதை ஒரே பக்கத்தில் நாலு தடவை எழுதியிருக்கிறாள், இல்லாத பொருளுக்கு எதற்கு இத்தனை ரசீது என்றார் அப்பா. அப்புறம், எழுதுடா, நான் போன தடவை சொன்னதைச் சில காரணங்களால் திரும்ப எடுத்துக்கிறேன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

போன தடவை அவர் என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பதினோராம் வகுப்புப் பையன் ஒரு தாளில் எழுதி முடிக்கிற வேலைக்கு அஞ்சு வருஷம் சட்டம் படிச்சவ எதுக்கு, என்று. அந்தப் பதினோராம் வகுப்புப் பையன் அடியேன்தான். அந்த ஒரு தாள் கீழ்வீட்டுத் தையல் அத்தைக்காக நான் எழுதியது. கட்டடச் சொந்தக்காரர் அத்தைக்கு, தெருப்பக்க அறையை முப்பது நாளில் காலி செய் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார், அத்தைக்கு அதுதான் கடை, அதுதான் வீடு, மிஷினுக்குப் பின்னால் திரை போட்டுப் படுக்கை. அத்தை நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். உன் பழைய பாடப் புத்தகம் இரண்டு அலமாரியில் இருந்தது. அரை மணி நேரத்தில் ஒரு பதிலைத் தீட்டினேன் பார், மேற்படி என்ன, கீழ்ப்படி என்ன, படிப்படியாக ஏறி உச்சிக்கே போய்விட்டேன். அத்தை கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் அனுப்பினோம். இரண்டு மாதம் சொந்தக்காரரிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை. ஆள் அடங்கிவிட்டார் என்று நான் எல்லா மாடியிலும் சொல்லிவிட்டு வந்தேன், அப்பா உனக்கு வேண்டாம் என்று எழுதியதும் அப்போதுதான். அதற்கப்புறம் கோர்ட்டில் வழக்கு என்று வந்ததெல்லாம் தோற்கப் போகிறவர் கடைசியாக உதைத்துப் பார்ப்பதுதான். நாலு வாய்தா நடந்தது, போன வியாழக்கிழமை தீர்ப்பு, அத்தை அதே அறையில் இருக்கலாம். இலவச சட்ட உதவி மையத்திலிருந்து ஒரு வக்கீல் அக்கா வந்து அத்தைக்காக நின்றார்கள், கேஸ் கட்டு தூக்கவும் ஓர் ஆள் வேண்டுமே. என் கடிதத்தின் மகிமையை ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால், எதிர்த்தரப்பு வக்கீலே எழுந்து நின்று அதைக் கோர்ட்டில் சத்தமாக வாசித்தார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. உங்கள் கல்லூரியில் யாருடைய எழுத்துக்காவது அந்த மரியாதை கிடைத்ததுண்டா.

அப்பா அத்தைக்குச் சாட்சி. அறைக்கு மின்சார மீட்டர் வந்த அன்று ஒயர் இழுத்துக் கொடுத்தவர் அவர்தானே, அதனால் சட்ட உதவி மையத்துக்கு நாலைந்து தடவை போய்வந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை என்று ஒரு அட்டை தொங்குகிறது, அட்டையே பழுத்துவிட்டது. அப்பா முதல் நாள் அதைத்தான் குறை சொன்னார். இலவசம்னா லிஃப்ட்டும் இப்படித்தான் இருக்கும், வக்கீலும் இப்படித்தான் இருப்பா என்று படியிலேயே சொன்னார். உள்ளே ஒரு நீள அறை, ஆறு மேசை, ஒவ்வொரு மேசைக்கும் இந்தப் பக்கம் ரெண்டு நாற்காலி, அதில் ஒன்று ஆடும். வந்தவர்கள் ஆடாத நாற்காலிக்குக் காத்திருக்கிறார்கள். அந்த அக்காவுக்கு உன்னைவிட நாலு வயது கூட இருக்கும். வாய் ஓரத்தில் பேனா மூடி, மேசைக்கு அடியில் வேறு செருப்பு. அத்தை போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்ததும் அவர்கள் ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை, கவலைப்படாதீங்க என்றும் சொல்லவில்லையாம். எப்போ குடிவந்தீங்க, யாரு சாவி குடுத்தா, அன்னிக்கு அறையில என்ன இருந்துச்சு, முதல்ல மாத்தினது எது, அதுக்கு யாருகிட்ட கேட்டீங்க, இப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டார்களாம். லிஃப்ட் நின்னா நான் அங்க மாட்டிக்கிட்டவங்கள என்ன கேப்பேனோ அதையே கேட்டா, எந்த மாடியில நின்னுச்சு, நிக்கறதுக்கு முன்ன என்ன சத்தம் வந்துச்சுன்னு, என்றார் அப்பா. அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சொந்தக்காரர் வாடகைக்கு ஒருநாளும் ரசீது கொடுத்ததில்லை. அதனால் அத்தை வாடகைக்குத்தான் இருக்கிறார் என்று காட்ட ஒரு தாள் வேண்டியிருந்தது. அந்த அக்கா மின்சார அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்து, பதினோரு வருஷத்துக்கு முந்தைய விண்ணப்பத்தைத் தூசி தட்டி எடுக்க வைத்தார்கள். அதில் சொந்தக்காரர் தன் கையாலேயே, என் வாடகைதாரருக்கு இணைப்புத் தர ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீதிபதி அதைப் படித்துவிட்டுச் சொந்தக்காரரைப் பார்த்தார், அவர் கூரையைப் பார்த்தார். அவ்வளவுதான்.

இனி வருவது அப்பா சொன்னபடியே. நீ முதலில் கேட்ட சம்மதத்தைத் தருகிறார். உனக்கு எது பிடித்ததோ அதில் கையெழுத்துப் போடு, கம்பெனி என்றாலும் கோபமில்லை, ஆனால் அப்பா சொன்னார் என்று எந்தப் பக்கமும் சாயாதே. சட்ட உதவிக்குப் போவதானால் கண்ணைத் திறந்துகொண்டு போ. இங்கே அதே வேலை பார்க்கும் அந்த அக்காவிடம் அப்பா நேராகவே விசாரித்துவிட்டார், வாதம் செய்ய வக்கீல் இருந்தால் பிடிவாதம் செய்ய நம் அப்பா இருக்கிறாரே. சம்பளம் உன் கம்பெனியில் தருவதில் மூன்றில் ஒன்று. இரண்டு வருஷ ஒப்பந்தம், அதற்கப்புறம் இடம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரே நேரத்தில் அறுபது கட்டு கையில் இருக்கும். ஜெயித்தவர்கள் திரும்ப வருவதில்லை, தோற்றவர்கள் வருவார்கள். அந்த அக்காவே ஒரு வருஷம் விட்டுவிட்டுப் போய்த் தனியாரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவராம், ஏன் வந்தீங்க என்றால் அங்கே நான் யாருக்காக எழுதறேன்னு முகம் தெரியலை என்றார்களாம். அப்பா அதற்குத் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். உனக்கு அவர் சொல்வது மூன்றே கேள்வி, அலுவலகத்துக்காரர்களைக் கேள்: முதல் வருஷம் நீ எழுதுவதை அனுப்புவதற்கு முன்னால் யார் பார்ப்பார்கள், நீ தப்புச் செய்தால் பக்கத்தில் வந்து உட்கார யார் இருக்கிறார்கள், கட்டு அளவுக்கு மேல் போனால் முடியாது என்று சொல்ல உனக்கு உரிமை உண்டா. மூன்றுக்கும் ஆள் பெயரோடு பதில் வந்தால் போ. பார்த்துக்கலாம் என்று பதில் வந்தால் அது ஓடாத லிஃப்ட், ஏறாதே. சாயங்காலம் ஆனால் கட்டை மூடி மேசையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வா, அந்த அக்கா பையின் வார் அறுந்திருப்பது வீட்டுக்குக் கட்டு தூக்கித்தான் என்கிறார்.

எங்கிருந்தாலும் உடம்பும் மனசும் கெடாமல் நூறாண்டு இரு, உன் நாக்கில் நியாயமும் பையில் குடையும் எப்போதும் இருக்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறார்கள். முப்பதாம் தேதியை மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் வேண்டாம், கேள்விகளைக் கேட்டபின் எழுது.

இப்படிக்கு, உன் அப்பா (கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருப்பது அவர் கையெழுத்துதான், நான் பேனாவை மட்டும் பிடித்து வைத்தேன்)

அக்கா, கடிதம் முடியவில்லை. மடிக்கப் போனேன், படிச்சுக் காட்டு என்றார் அப்பா. படித்தேன், குரலெல்லாம் நன்றாக ஏற்றி இறக்கித்தான் படித்தேன். சில காரணங்களால் என்ற இடத்தில் நிறுத்தி, நான் சொன்ன காரணம் எங்கே என்றார். தாளில் இடம் இல்லைப்பா என்றேன். தாளை வாங்கிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, பேனா அழுத்தமே இல்லையே, பாதிக்கு மேல சும்மாதானே கிடக்கு என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் வேணாம்னதுக்குக் காரணம் நீ அத்தைக்கு எழுதின கடிதம், சரின்னதுக்கும் காரணம் அதுதான், அதை மறைச்சுட்டா அவ எதை வச்சு முடிவெடுப்பா என்று கேட்டார். அதனால் இந்தப் பின்பக்கம் என்னுடையது.

எதிர்த்தரப்பு வக்கீல் என் கடிதத்தை மூன்று தடவை வாசித்தது உண்மை. ஏன் வாசித்தார் என்பதை நான் எழுதவில்லை. சொந்தக்காரரின் மனசு இளகட்டும் என்று முதல் பத்தியில் ஓர் அலங்காரம் வைத்திருந்தேன். வாடகை என்று சொல்லிக்கொள்ள நான் ஏதும் தருவதில்லை, தங்கள் பெருந்தயவு ஒன்றாலேயே இத்தனை காலம் தங்கியிருக்கிறேன், என்று. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. பார்த்தீங்களா, வாடகை தரவில்லை என்று அந்த அம்மாவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இவர் வாடகைதாரரே இல்லை, விருந்தாளி, விருந்தாளியைப் போகச் சொல்ல முப்பது நாள்கூடத் தேவையில்லை, என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதை வாசித்து வாதாடினார். சொந்தக்காரர் இரண்டு மாதம் அடங்கியிருந்தது பயந்து இல்லை, அந்த ஒரு வரியை வைத்து வழக்கு எழுதிக்கொண்டிருந்தார். நாலு வாய்தாவில் மூன்று, அந்த வக்கீல் அக்கா என் வரியைத் துடைப்பதிலேயே போயிற்று. மின்சார அலுவலகத்துக்கு நடந்ததும் அதற்காகத்தான். என்னையும் அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார வைத்து விசாரித்தார்கள், அப்பா பக்கத்திலேயே இருந்தார். நீதானே எழுதினே, நல்லாவே எழுதறே, அனுப்பறதுக்கு முன்ன அவங்களுக்குப் படிச்சுக் காட்டினியா, என்று கேட்டார்கள்.

அத்தை இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, நேற்றுக்கூட என் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தார். நான் படித்துக் காட்டவில்லை, அக்கா. காட்டியிருந்தால் முதல் பத்தியிலேயே பிடித்திருப்பார். டேய், மாசாமாசம் முதல் தேதியில குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன், என்று.