பழைய வலையில் ஊர்ப் புடவைகள்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். மேற்குக் காற்று. அங்கன்வாடிக் கதவைத் திறந்ததும் தகரக் கூரையின் சூடு முகத்தில் அடித்தது. பதிவேட்டில் இருபத்திரண்டு பிள்ளைகள். வந்தது ஏழு. பத்தரைக்கு அந்த ஏழும் அழுகை. உள்ளே புழுக்கம், வெளியே வெயில். முற்றத்தில் மரம் கிடையாது. உப்பு மண், வைத்த மூன்று வேப்பங்கன்றும் கருகிவிட்டன.

மேரி டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பசங்க வராம போனா, நம்ம மையத்த பாலத்துக்கு அந்தாண்ட இருக்கிறதோட சேத்துடுவாங்களாம் செல்வி. சூப்பர்வைசர் மேடம் போன்ல சொன்னாங்க."

அவ்வளவு தூரம் எந்த மூன்று வயதுப் பிள்ளை போகும்? யார் கொண்டுபோய் விடுவார்கள்?

என் வேலை சமைப்பதும் பெருக்குவதும்தான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மதியம் ஒரு பழைய விளம்பரப் பேனரை முற்றத்தில் கட்டினேன். மூன்று மணிக் கடற்காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய், பக்கத்து வீட்டு சாந்தி அக்கா காயவைத்திருந்த நெத்திலி மேல் போட்டது.

"இன்னாடி செல்வி, கருவாடெல்லாம் ஒரே மண்ணு!"

நானே உட்கார்ந்து பொறுக்கித் தட்டிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக. இருட்டும் வரை.

ஜூன் 11, புதன்

வெயில் அதேதான். பிள்ளைகள் ஆறு.

குப்பை கொட்டக் கரைக்குப் போனேன். இரண்டு படகுகளுக்கு நடுவே கழித்துப் போட்ட வலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு நாய். வலையின் ஒரு மூலையில் மட்டும் சிவப்புத் துணி சிக்கியிருந்தது. நாய் சரியாக அந்தத் துணியின் நிழலுக்குள், வால் கூட வெளியே தெரியாமல்.

நல்ல காற்று. வலை ஆடியதே தவிரப் பறக்கவில்லை. வலைக்கண் வழியாகக் காற்று போய்விடுகிறது. துணி இருக்கும் இடத்தில் நிழல் விழுகிறது.

கூடையை இறக்கவும் மறந்து நின்றேன். தினமும் பார்க்கிற குப்பை. இத்தனை நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தாண்டிப் போன வலை.

ஜூன் 12, வியாழன்

நிழற்பந்தலுக்கு வேண்டியவை:
– தடித்த பச்சை வலை, ஒரு முற்றம் அளவு. (மெல்லிய நைலான் வேண்டாம். விரலை அறுக்கும்.)
– ஊருக்குப் பின்னால் ஏரியில் அலசி இரண்டு நாள் காயவைக்க. அப்பா, என்ன நாற்றம்!
– பழைய புடவைகள். பருத்தி கூடாது, மழையில் கனக்கும்.
– சவுக்குக் கம்பு 4.
– ஓரத்துக் கண்களை வெறுமனே விடக் கூடாது. குருவி மாட்டும்.
– துவரம்பருப்பு, தீப்பெட்டி (இது வீட்டுக்கு).

வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். "இன்னா இது, மீன் கெடைக்கலன்னு பொடவ புடிக்கப் போறியா?"

வலையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்.

ஜூன் 14, சனி

விடுமுறை. என் மூன்று புடவைகளைக் கிழித்தேன். நாலு விரல் அகலத்தில் வலையில் கோத்தால் நிழல் ஓட்டை ஓட்டையாக. எல்லாம் உருவினேன். ஒரு சாண் அகலம், ஒரு கண் விட்டு ஒரு கண், மேலும் கீழுமாக. நுனியை ஒரு முழம் தொங்கவிட்டால் இலை மாதிரி ஆடுகிறது. சரி!

ஆனால் நிறம் சரியில்லை. பழைய துணிக் கடை மாதிரி.

சாயங்காலம் குழம்புக்கு நண்டு கழுவினேன். அதன் கால் முழுக்க நீலம். நுனியில் மட்டும் துளி செம்மஞ்சள். அந்தத் துளியால்தான் நீலமே நீலமாகத் தெரிகிறது. எத்தனை ஆயிரம் நண்டு கழுவியிருப்பேன்.

ஆகவே: நடுவில் நீலம், பச்சை, ஊதா. ஓரத்தில் ஒரே ஒரு வரி செம்மஞ்சள். என்னிடம் செம்மஞ்சள் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து மேரி டீச்சர், நான் கேட்டு வைத்திருந்த இரண்டு புடவையோடு நேராக என் வீட்டுக்கு வந்தார். அவரைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி. அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். பதினோரு மணிக்கு முற்றத்தில் உட்கார இடமில்லை.

சாந்தி அக்கா கடைசியில் வந்தார். கருவாட்டுக் கோபம் இன்னும் இருக்குமோ என்று எனக்குப் பயம். மடியிலிருந்து ஒரு புடவையை எடுத்துப் போட்டார். பளீரென்று செம்மஞ்சள்.

"ஓரம் கிழிஞ்சிட்ச்சி. கலரு போவல. எடுத்துக்கோ."

சாந்தி அக்காவே ஓரவரி முழுவதும் கோத்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பிள்ளைகள் போன பிறகு அங்கன்வாடி முற்றத்தில் கட்டினோம். வீட்டுக்காரரும் அவர் தம்பியும் கம்பு நட்டார்கள். இழுத்து விறைப்பாகக் கட்டவேண்டும் என்றார் இவர். தொய்வாக விடவேண்டும் என்றேன் நான்.

"எனக்குத் தெரியாதா வலய பத்தி?"

"தண்ணில உங்களுக்குத் தெரியும். இது காத்து."

முறைத்தார். தொய்வாகவே கட்டினார்.

மூன்று மணிக்குக் கடற்காற்று. பந்தல் ஒருமுறை எழும்பியது, மூச்சு விடுகிற மாதிரி. அப்புறம் இறங்கியது. நுனிகள் எல்லாம் படபடவென்று. ஒரு முடிச்சும் அவிழவில்லை!

சாந்தி அக்கா கைதட்டினார். நான் அழுதுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

பதினான்கு பேர். தரையில் நீலமும் பச்சையுமாக வெளிச்சம் ஓட, பிள்ளைகள் அதை மிதித்து மிதித்துத் துரத்தின. கஞ்சி ஆறிப்போனது. ஆறட்டும்.

ஒரு சின்னப் பெண் மல்லாந்து படுத்து விரல் நீட்டினாள்: "ஆயா, தோ, எங்கம்மா பொடவ!"

அவ்வளவுதான். எல்லாரும் மல்லாந்து படுத்து அவரவர் அம்மாவைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜூன் 20, வெள்ளி

இருபது பேர். மேடம் வந்தார், சொல்லாமல். வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எந்த கம்பெனி போட்டுக் குடுத்தது?"

மேரி டீச்சர் என்னை முன்னால் தள்ளினார். "கம்பெனி இல்ல மேடம். வேணாம்னு போட்ட வலை. எங்க பொடவ" என்றேன்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாயில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். எழுந்திருக்க மனமில்லாதவர் போல அரைமணி நேரம். கிளம்பும்போது டீச்சரிடம்: "சேக்கிற பேச்சு இனிமே இல்ல. இந்த மையம் இங்கயே இருக்கட்டும்னு எழுதிடறேன்."

வீட்டுக்கு நடந்து வந்தேனா, ஓடி வந்தேனா? ஞாபகம் இல்லை. இவரிடம் சொன்னேன். "தொய்வா கட்டச் சொன்னதே நான்தான்" என்று தன் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கட்டும்.

ஜூன் 23, திங்கள்

மேகமூட்டம். காற்று குறைவு.

வாசலில் அடுத்த குப்பத்துப் பெண்கள் மூன்று பேர். இடுப்பில் பிள்ளை, கக்கத்தில் மடித்த புடவை.

"புள்ளய சேக்கணும்னா பொடவ ஒண்ணு குடுக்கணுமாமேக்கா?"

"யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது."

சிரிப்பை அடக்க முடியவில்லை. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டோம். புடவைகளையும் வாங்கிக்கொண்டேன். அண்ணாந்து பார்த்தால் கோக்க ஒரு கண்கூட மிச்சமில்லை.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன்: இன்னொரு வலை வேண்டும். இன்னும் நாலு கம்பு.

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.