நீ அங்கயே நில்லு கண்ணு

அக்கா,

இன்று காலையில் உங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பந்து திரும்பி வந்தது. புயலில் விழுந்த காம்பவுண்டுச் சுவரை மறுபடி எழுப்ப உங்கள் மகன் ஆள் விட்டிருக்கிறார். கனகாம்பரப் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "இந்தாக்கா, உங்க வூட்டுப் புள்ளதா பாருங்க" என்று நீட்டினார். டென்னிஸ் பந்து. ரோமமெல்லாம் மண்ணில் மக்கி மொட்டையாகிவிட்டது. ஒரு பக்கத்தில் மட்டும், தெரிந்தும் தெரியாமலும் 'ஜோ' என்று இருந்தது. என் மகன் ஜோயல் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது எழுதியது.

நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். நீங்கள் உயிரோடு இருந்தபோதும் நான் ஒன்றும் பேசவில்லையே. அப்புறம் எப்போதுதான் பேசுவது?

சுனாமி வந்த மறு வருஷம் நாங்கள் கடலூரில் உங்கள் பக்கத்தில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்தோம். பால் காய்ச்சின அன்று முதலில் வந்து கேட்டருகே நின்றவர் நீங்கள்தான். கையில் ஒரு முழம் பூ.

"எந்த ஊரும்மா உங்களுக்கு?"

"புவனகிரிக்கா."

"புவனகிரியில எங்க?"

"சர்ச் பக்கத்துலக்கா."

"ஓ. காலனியா?"

ஆமாம் என்றேன். நம் பக்கத்தில் 'ஊரா, காலனியா' என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் உடனே சிரித்தீர்கள். "அதனால என்னம்மா. இப்பல்லாம் யாரு அதையெல்லாம் பாக்குறாங்க" என்றீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பால் டம்ளரை நீட்டினேன். "எனக்குச் சக்கரை ஜாஸ்தி, ஒண்ணும் நெனச்சிக்காத" என்றீர்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே மூன்றாவது வீட்டுக் கல்யாணப் பந்தியில் நீங்கள் ஜாங்கிரியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோதும் நினைத்துக்கொள்ளவில்லை. ஏமாந்த சோணகிரி என்றால் நான்தான்.

ஜோயல் உங்களை ஆன்ட்டி என்று கூப்பிட்டான். "ஆன்ட்டி பூன்ட்டியெல்லாம் வேணாம், பெரியம்மான்னு கூப்புடு" என்று திருத்தினீர்கள். அதை எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன் தெரியுமா?

தெருவில்தான் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆடுகிறவனுக்கு இடது பக்கம் காலி மனை. வலது பக்கம் உங்கள் தோட்டம். அந்தத் தெருவுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பந்து தோட்டத்துக்குள் விழுந்தால் அவுட். அடித்தவன்தான் போய் எடுக்க வேண்டும். கேட்டில் நின்று "பெரியம்மா, பந்து" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும், செடியை மிதிக்கக் கூடாது. இதெல்லாம் நீங்கள் போட்ட சட்டம். நியாயமான சட்டம்தான்.

ஒரு லீவு நாளில் மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டே நான் பார்த்தேன். ஒரு பையன் அடித்த பந்து உள்ளே விழுந்தது. குரல் கொடுத்தான், போனான், எடுத்தான். திரும்பி வரும்போது கையில் உங்கள் மரத்துக் கொய்யாப்பழம். கொஞ்ச நேரம் கழித்து ஜோயல் அடித்த பந்தும் அங்கேயே விழுந்தது. அவனும் கேட்டில் நின்று குரல் கொடுத்தான். கேட்டில் கை வைத்தவுடன் நீங்கள் எழுந்து வந்தீர்கள்.

"நீ அங்கயே நில்லு கண்ணு. பெரியம்மா எடுத்துத் தரேன்."

மூட்டு வலியோடு குனிந்து, பாத்திக்குள் தேடி, எடுத்துக் கேட்டுக்கு மேலாகப் போட்டீர்கள். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. முள் குத்திவிடும் என்று என் பிள்ளையை மட்டும் எப்படித் தாங்குகிறார் பார் என்று நினைத்தேன். சிதம்பரத்தில் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்த என் வீட்டுக்காரரிடம் சாயங்காலம் அதைச் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே, "ஒவ்வொரு தடவயும் அப்படியா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாங்க, நம்ம புள்ள மேல அவ்வளவு பிரியம்" என்றேன். அவர் கைகால் கழுவப் போய்விட்டார்.

இன்று திரும்பி வந்த இந்தப் பந்து உள்ளே விழுந்த அன்று நீங்கள் ஊரில் இல்லை. கேட் சும்மா சாத்தித்தான் இருந்ததாம். "போய் எடுறா" என்று எல்லோரும் சொல்லியும் இவன் போகவில்லை. இருட்டும்வரை வெளியே நின்றுவிட்டு வந்து, பந்து தொலைந்துபோச்சு என்றான். புதுப் பந்து. முதுகில் இரண்டு வைத்தேன். வாங்கிக்கொண்டான், அழவில்லை.

அதற்கப்புறம் அவன் பந்து உங்கள் பக்கம் வரவே இல்லை. எல்லாம் காலி மனைப் பக்கம்தான். "இந்தத் தெருவிலயே மரியாத தெரிஞ்ச புள்ள ஒன் புள்ளதாம்மா. ஒரு பந்து இந்தப் பக்கம் வராது" என்று சொன்னீர்கள். அதையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். ஆபீஸில் சொன்னேன், சர்ச்சில் சொன்னேன், புவனகிரிக்குப் போனபோது என் அம்மாவிடமும் சொன்னேன்.

போன டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. உங்கள் தென்னை சாய்ந்து நமக்கு நடுவில் இருந்த சுவரை அடியோடு பெயர்த்துப்போட்டது. பொங்கல் வரைக்கும் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. தெருவில் அடிபம்பு இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். எல்லோரும் குடத்தோடு உள்ளே வந்தார்கள். இரண்டாம் நாள் நீங்களும் வந்து, சுவர் இருந்த இடத்தில், செங்கல் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள். ஒரு கால் இந்தப் பக்கம் வைக்கத் தூக்கினீர்கள். அடித்துக்கொண்டிருந்த பம்பை விட்டுவிட்டு ஜோயல் நிமிர்ந்தான்.

"நீங்க அங்கயே நில்லுங்க பெரியம்மா. நான் எடுத்துத் தரேன்."

குரலில் கோபம் இல்லை. அதே இழுப்பு, அதே கனிவு, உங்கள் குரல் மாதிரியே. உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். தூக்கிய காலை அந்தப் பக்கமே ஊன்றிக்கொண்டீர்கள். அவன் குடத்தை வாங்கி, நிரப்பி, தூக்கி வந்து உங்கள் பக்கம் இறக்கிவைத்தான். பொங்கல் வரை தினமும் அப்படியே செய்தான். அந்தத் தண்ணீரைக் குடித்தீர்களா, கனகாம்பரத்துக்கு ஊற்றினீர்களா, எனக்குத் தெரியாது.

அன்று அவனைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"அவுங்க எனக்குச் சொன்னதுதானம்மா."

"அவுங்க பிரியத்துல சொன்னாங்கடா."

அவன் என்னைப் பார்த்தான். என்மேல் பாவப்பட்டுப் பார்த்தான். "மத்தவனுங்க உள்ள போவாங்க, நான் மட்டும் போவக் கூடாது. அதுக்குப் பேரு பிரியமாம்மா?" என்றான். பதிமூன்று வயது. ஏழு வயதிலேயே அவனுக்குப் புரிந்தது, பி.காம். படித்த எனக்குப் புரியப் புயல் வந்து சுவரைத் தள்ள வேண்டியிருந்தது. இல்லை, பொய் சொல்ல மாட்டேன். பால் டம்ளரை நீங்கள் மறுத்த அன்றே எனக்குப் புரிந்துதான் இருந்தது. நல்ல அக்கம்பக்கம் வேண்டும் என்ற ஆசையில் தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். அதற்கு விலையாக என் பிள்ளையைக் கேட்டில் நிற்கவைத்தேன். உங்கள் மேல் இருக்கிற கோபத்தைவிட இதுதான் ஜாஸ்தி எரிகிறது.

உங்களை ஹாலில் கிடத்தியிருந்த அன்றுதான் உங்கள் வாசற்படியைத் தாண்டினேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை. யாரும் தடுக்கவில்லை. 'அங்கயே நில்லு' என்று சொல்லக்கூடிய ஒரே ஆளான நீங்கள் படுத்திருந்தீர்கள். உங்கள் காலடியில் மாலை வைத்தேன், அழுகையும் வந்தது. ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக்குள் பந்து விழுந்தால் நான் எழுந்திருப்பதே இல்லை. "உள்ள வந்து நீயே எடுத்துக்கடா" என்கிறேன். குரோட்டன்ஸை மிதித்துத் துவைத்துவிட்டுப் போகிறார்கள். போகட்டும்.

போன வாரம் ஜோயலின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். விளையாட்டு வாத்தியார் கூப்பிட்டு, "நல்லா ஆடுறான் உங்க பையன். ஆனா வலது பக்கம் பந்து போட்டா மட்டும் சும்மா விட்டுடுறான், அடிக்க மாட்டேங்கிறான். என்னன்னு கேளுங்க" என்றார். திரும்பி மைதானத்தைப் பார்த்தேன். வலது பக்கம் வெறும் புல்தரை. ஒரு வீடு இல்லை, ஒரு கேட் இல்லை. அவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு, பந்து போவதைப் பார்த்தபடி நின்றான்.