ஆறாம் நாள் வந்த அண்ணிக்கு

அன்புள்ள கலா அண்ணி,

போன வாரம் மலருக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் இருந்த புடைப்பு இப்போது சுத்தமாக இல்லையாம். அதைக் கேட்டதும் உங்கள் தம்பி வராண்டாவுக்கு ஓடிப்போய்ப் போனில் உங்கள் நம்பரைப் போட்டுவிட்டார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று குரல் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. 

அந்தச் செய்தியை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

என் வளைகாப்பில், தாலி இல்லாதவள் வளையல் போடக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். சொந்த நாத்தனார் நீங்கள், நீட்டிய கையை மடக்கிக்கொண்டீர்கள். நான் மணையில் உட்கார்ந்தபடி வாயைத் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம், பாகூரிலிருந்து குருவிநத்தத்துக்கு நீங்கள் வரவில்லை. வயிற்றிலிருந்த மலர் பிறந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. மருந்து கொடுத்தால் கொஞ்சம் இறங்கும், மறுபடி கொதிக்கும். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்தது. அம்மை என்று முடிவு செய்து வேப்பிலை கட்டினோம், மருந்தை நிறுத்தினோம். தொட்டாலே அழுதாள். என் இடுப்பில்கூட இருக்க மாட்டேன் என்று திமிறினாள்.

யார் சொல்லி உங்களுக்குத் தெரிந்தது என்று நான் கேட்கவே இல்லை. ஆறாம் நாள் மத்தியானம், பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டைக் கூட்டித் துடைக்கும் வேலை முடிந்து, அந்த நீலப் புடவையோடு எங்கள் வாசலில் நின்றீர்கள்.

“செல்வி, கொழந்தைய வெளிச்சத்துக்குத் தூக்கினு வா.”

“அம்மை பாத்திருக்குக்கா. வெளிய தூக்கக் கூடாது” என்றார் உங்கள் தம்பி.

“நீ சும்மா இருடா.” மலரின் வாயைத் திறந்து பார்த்தீர்கள். உதடு வெடித்திருந்தது. நாக்கு ரத்தச் சிவப்பாக, பொரிப்பொரியாக இருந்தது. உள்ளங்கையையும் பாதத்தையும் தடவினீர்கள். இரண்டும் வீங்கியிருந்தன. கழுத்தில் ஒரு பக்கம் நெறிகட்டி நெல்லிக்காய் அளவுக்குத் தட்டுப்பட்டது.

“இன்னாடி இது! தட்டம்மைன்னா மூக்கு ஒழுகும், இருமும், கண்ணுல பீள தள்ளும். இவளுக்குக் கண்ணு செவந்துருக்கு, பீளயே இல்ல. இந்த மாதிரி ரெண்டு கொழந்தைங்கள வார்டுல பாத்துருக்கேன். கெளம்பு.”

“அம்மனுக்கு ஆவாதுக்கா...”

“அம்மன் என்னையக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்.”

டாக்டர் அதற்குக் கவாசாகி என்று பெயர் சொன்னார். சின்னக் குழந்தைகளுக்கு ரத்தக் குழாய்கள் அழன்று வீங்கும் நோயாம். ஒட்டிக்கொள்ளாதாம். இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது, நீங்கள் வாசலில் நின்று பார்த்த அடையாளங்களைத்தான் அவரும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். எல்லா அடையாளமும் எல்லாக் குழந்தைக்கும் வராது என்றார். காய்ச்சல் தானாக விட்டுப்போகும், ஆனால் இதயக் குழாயைக் கெடுத்துவிட்டுப் போகும், அதனால் பத்து நாளுக்குள் மருந்து ஏற்றுவது நல்லது என்றார். எங்களுக்கு அது ஆறாம் நாள். நீங்கள் வராமல் இருந்திருந்தால்?

பாட்டிலில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. நீங்கள் மலரின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் அழுதேன். “அண்ணி, அன்னிக்கு வளைகாப்புல நான் ஒரு வார்த்த பேசியிருக்கணும்.”

“பேசியிருக்கணும்தான்” என்றீர்கள். பாட்டிலை நிமிர்ந்து பார்த்து, “சரி, அழுவாத. பாட்டிலு முடியப் போவுது பாரு, நர்ஸக் கூப்புடு.”

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. மலர் இட்லி கேட்டாள். எக்கோவில் அந்தச் சின்னப் புடைப்பு தெரிந்தது. தினமும் ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகு விரல் நுனியில் தோல் உரிந்தது. நான் பதறிப்போய் உங்களைக் கூப்பிட்டேன். “உரியும்டி, அது போற வழி. பிச்சி எடுக்காத” என்றீர்கள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நீங்கள் எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை.

போன தை மாதம் வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலேயே சாய்ந்துவிட்டீர்கள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அண்ணி, தினமும் ஆஸ்பத்திரிக்குள்தானே இருந்தீர்கள், ஒரு நாளாவது உங்களுக்குப் பிரஷர் பார்த்தீர்களா? நாங்களாவது பார்க்கச் சொன்னோமா?

மலர் இப்போது ஒன்றாம் வகுப்பு. அத்தை எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு நிம்மதியா, வருத்தமா, தெரியவில்லை.

நேற்று நான்காவது வீட்டுக் குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் போனேன். கண், உதடு, நாக்கு, கை, கால், கழுத்து எல்லாம் பார்த்தேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, வெறும் சளிதான் போலிருந்தது. ஆனாலும் நாளைக்கும் காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் காட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். “செல்வி டாக்டராயிட்டா” என்று தெருவே சிரித்தது.

சிரிக்கட்டும் அண்ணி. எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேட்டாலும் போவேன். கூப்பிடாவிட்டாலும் போவேன், என்னோடு பேசாத வீடாக இருந்தாலும் போவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
மலரின் அம்மா
செல்வி