சிவப்பு எரிய வாசித்த மெட்டு

மச்சான்,

இன்று பின்னேரம் உன் கிட்டாரின் எக்கோப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் வந்தது. உள்ளே படிந்த தூசி சூடாகிற வாசம், அதோடு வாவிக் காற்றின் உப்பும் சேர்ந்து. என் மனைவி அடுப்படியிலிருந்து, "என்ன அங்க கருகுது?" என்று கத்தினாள். "ஒண்டும் கருகல்ல, அவன் வாறான்" என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவளும் சிரித்தாள். நாவற்குடாவில் இந்த வீட்டு விறாந்தையில் நீ எத்தனை பின்னேரம் அந்த வாசத்தோடு உட்கார்ந்திருந்தாய் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

உனக்கு ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். உன் மகள் ஜெனியின் கல்யாணம் போன கிழமை தன்னாமுனை வேதக் கோயிலில் நடந்தது. நல்லபடி நடந்தது. ஆனால் அதற்கு முன்னால் உன் மகளும் உன் மிசினும் சேர்ந்து என்னைப் படுத்திய பாட்டை நீ கேட்டே ஆக வேண்டும்.

எக்கோப் பெட்டி இருக்கிற அந்த ராக்கை நாம் வாங்கிய நாளை நினைக்கிறேன். கொழும்பில் ஏதோ ஒரு ஹோட்டல் வாத்தியக் குழு கலைந்து, சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஓர் இரும்புச் சட்டத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக நாலு பெட்டிகள். ஒன்று வாசித்ததைத் திருப்பிச் சொல்லும் எக்கோ, ஒன்று ஒரு கிட்டாரைப் பல கிட்டாராக்கும் கோரஸ், ஒன்று பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல் முழக்கம் கொடுப்பது. நாலாவது என்ன செய்யும் என்று நம் இருவருக்கும் விளங்கவில்லை. "அது பாரத்துக்கு மச்சான். இல்லாட்டிக் காத்துக்குப் பறந்திரும்" என்று நீ தீர்ப்புச் சொல்லிவிட்டாய். பனிச்சங்கேணிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குத் தோணியில் போனபோது நீ அந்த ராக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாய். தோணி ஒரு பக்கம் சரிந்தது. எனக்கு நீந்தத் தெரியாது என்று தெரிந்தும், "முதல்ல இதப் புடி, மறுகா உன்னப் பாப்பம்" என்றாய். தோணிக்காரர் சிரித்த சிரிப்பில் தோணி இன்னும் ஆடியது.

பிறகு நான் கிட்டார்ச் சத்தத்தைப் பெருக்கித் தரும் டிஜிட்டல் அம்ப் ஒன்று வாங்கினேன். உன் பழைய அம்ப் மாதிரி இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியதில்லை. ஒரு கையால் எடுத்துக்கொண்டு நடக்கலாம். உலகத்தில் உள்ள பழைய அம்புகளின் சத்தத்தையெல்லாம் கணக்குப் பண்ணி உள்ளே வைத்திருக்கிறார்கள், குமிழைத் திருப்பினால் வேண்டியது வரும் என்று நான் உனக்குப் பெருமையாக விளக்கினேன். கணக்கு வாத்தியார் அல்லவா, "கணக்கு" என்ற சொல்லைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும். "அப்ப என்ட அம்பும் உள்ள இரிக்குமே, தேடு பாப்பம்" என்றாய். தேடினோம். உன்னுடையதைப் போலவே ஒன்று இருந்தது. அதில் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, காதைச் சொறிந்துகொண்டு சொன்னாய்: "ஓம், என்னப் போலதான் இரிக்கு. ஆனா குளிச்சிட்டு வந்து நிக்கிது."

அதற்குப் பிறகு அதிக நாள் நீ இருக்கவில்லை. நெஞ்சுவலி என்று கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்த முகம்தான் நான் கடைசியாகப் பார்த்தது. மனசு செய்கிற அநியாயத்தைப் பார், மச்சான். இத்தனை வருசம் உன்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் நீ போன பிறகு உன்னை நினைக்கப் போனால் அந்தக் கட்டில்தான் முந்திக்கொண்டு வந்து நிற்கும். வேறு எந்த முகமும் வராது. அதனால் உன்னை நினைப்பதையே நான் குறைத்துக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீ போன அடுத்த மாரியில் உங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. அம்ப் தண்ணீர் குடித்துச் செத்தது. ராக் மேசைமேல் இருந்ததால் தப்பியது. உன் மனைவி ரீட்டா அதைச் சேலைத் துணியால் மூடி அப்படியே வைத்திருந்தாள்.

கல்யாணம் பேசி முற்றான பிறகு ஜெனி ஒருநாள் என்னிடம் வந்தாள். கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அவளை ரீட்டாவின் கூடப்பிறந்த மாமன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும், நீ இல்லையே. "அப்பா நடந்து வரமாட்டார் எண்டு தெரியும் மாமா. ஆனா அவர்ர சத்தம் வரலாம்தானே? பூசைக்கு முதல் வாசிப்பாரே, அந்த மெட்டு. நீங்க வாசியுங்க. அவர்ர மிசின்ல வாசியுங்க" என்றாள். நீ பெயர் வைக்காமலே விட்டுப்போன அந்த மெட்டைத்தான் சொன்னாள். உன் பக்கத்தில் இருந்து என் கிட்டாரில் தாளம் போட்டுப் போட்டு எனக்கு அது விரலில் இருந்தது. ஓம் என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்.

ரீட்டாவுக்கு விருப்பமில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "வேணாம் அண்ணன். புள்ள நடுவழியில அழுது விழுந்திருவா. நானும் தாங்கமாட்டன். சரி, செய்யத்தான் போறிங்க எண்டா அவர்ர சத்தமாவே வரோணும். அரைகுறையா, ஆரோ ஒரு ஆள் மாதிரி வந்தா, அதக் கேக்கிறது எங்களுக்கு இன்னும் கஷ்டம்." அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அன்றிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது.

ராக்கை உங்கள் வீட்டு மண்டபத்திலேயே வைத்துச் சுத்தம் செய்தேன். உப்புக் காற்றில் பச்சை பிடித்துக் கிடந்த, வயர் செருகும் துளைகளையெல்லாம் மருந்தடித்துத் துடைத்தேன். எக்கோ உயிரோடு இருந்தது. கோரஸ் இருமிவிட்டு எழும்பியது. நாலாவது பெட்டி என்ன செய்யும் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடுமாம். நீ பாரத்துக்கு என்று சொன்னதும் ஒருவகையில் சரிதான்.

என் அம்பின் பின்பக்கத்தில் இப்படிப் பெட்டிகளைப் பூட்டவென்றே இரண்டு துளைகள் இருக்கின்றன. கிட்டார் முதலில் அம்புக்குள் போகும். அங்கே பதமான சத்தம் ஒரு துளையால் வெளியே வந்து, எக்கோவுக்குள் போய், மற்றத் துளையால் திரும்பி வரும். உலகம் முழுக்க இப்படித்தான் பூட்டுகிறார்களாம். நானும் அப்படியே பூட்டினேன். எக்கோவுக்குள் போகும் சத்தத்தை அளந்து, விளக்குப் பச்சையில் நிற்கும்படி வைத்தேன். வாசித்தேன். எவ்வளவு அழகான சத்தம் தெரியுமா! ஒவ்வொரு சுரமும் கழுவித் துடைத்து அடுக்கிய பீங்கான் கோப்பை மாதிரி வந்தது.

ஜெனி கதிரையில் இருந்து கேட்டாள். "நல்லாருக்கு மாமா" என்றாள். விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாத கறியைப் பற்றிச் சொல்கிற குரல் அது. ரீட்டா அறைக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். அம்பை மாற்றிப் பார்த்தேன், எக்கோவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். கல்யாணம் கிட்டவந்துகொண்டே இருந்தது, நீ மட்டும் வரவில்லை.

கடைசியில் ஜெனிதான் எழும்பி வந்து பெட்டிக்கு முன்னால் குந்தினாள். "மாமா, இதில சிவப்பு எரியல்லையே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "சிவப்பு எரியக் கூடாது புள்ள. அது அளவு மிஞ்சிப் போச்செண்டு சொல்ற விளக்கு" என்று வாத்தியார் குரலில் விளக்கினேன்.

"அப்பா வாசிக்கக்குள்ள அது அணையிறதே இல்ல மாமா. எங்கட வார்ட்டில சிவப்பு எரிஞ்சா நாங்க விழுந்தடிச்சு ஓடுவம். இதில எரியாம இரிக்கிறதத்தான் எனக்குப் பாக்கப் பயமா இரிக்கு" என்றாள், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் உன் மகள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. உன் பழைய அம்பில் பின்னால் துளையே இல்லை. நீ கிட்டாரை நேரே எக்கோவுக்குள் செருகி, அங்கிருந்து அம்புக்கு வயர் இழுத்தாய். சத்தம் மெல்லிசாக வருகிறதென்று குமிழைக் கடைசிவரை முறுக்கினாய். சிவப்பு எரிந்தது. "இது என்னத்துக்கு எரியுது?" என்று நான் கேட்டதற்கு, "மிசின் முழிச்சிருக்கெண்டு அர்த்தம்" என்றாய். பெட்டியோடு புத்தகமும் வரவில்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. மற்றவர்கள் சிவப்பைக் கண்டால் குறைப்பார்கள். நீ சிவப்பு அணைந்தால் மிசின் தூங்கிவிட்டதென்று இன்னும் கூட்டினாய். எக்கோ மூச்சு முட்டி, ஒவ்வொரு எதிரொலியும் முந்தினதைவிடக் கரகரத்து, அந்தக் கரகரப்பெல்லாம் அம்புக்குள் போய் இன்னொரு தடவை வெந்து வரும். நாங்கள் உன் கைவாகு என்று சொல்லித் திரிந்தது இந்தப் பிழையைத்தான், மச்சான்.

பின்னால் இருந்த வயர்களை எல்லாம் பிடுங்கினேன். ராக்கை அம்புக்கு முன்னால் கொண்டுவந்து, கிட்டாரை நேரே அதற்குள் செருகினேன். குமிழை முறுக்கினேன். சிவப்பு எரிந்தது. வாசித்தேன். முதல் சுரத்திலேயே அறைக் கதவு திறந்தது. ஆனால் எக்கோவின் வால் நீளாமல், கத்தியால் நறுக்கியதுபோல் பாதியில் நின்றது. ரீட்டா கதவைப் பிடித்தபடி சொன்னாள்: "அவர்தான். ஆனா சொல்ல வந்தத முடிக்காமப் போறார்."

அதையும் கண்டுபிடித்தேன். என் அம்ப் நாகரிகமான அம்ப். கிட்டார் ஓய்ந்த பிறகு வருவதையெல்லாம் இரைச்சல் என்று நினைத்து, அதுவாகவே வாயை மூடிவிடும். உன் எக்கோவின் கடைசி மூச்சை அது குப்பை என்று கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த வேலையை நிறுத்தினேன். உடனே "ம்ம்ம்" என்று உன் பழைய இரைச்சல் மண்டபம் முழுக்க நிறைந்தது. அதற்கு மேலே வாசித்தேன். வால் நீண்டு, கரகரத்து, தானாகத் தேய்ந்து முடிந்தது. ரீட்டா நிலத்திலேயே குந்திவிட்டாள். அங்கிருந்தே, "சரி அண்ணன், வாசியுங்க" என்றாள்.

கல்யாணத்தன்று காலையில் வேளைக்கே போய் மிசினைப் பூட்டினேன். கோயில் நிறைந்த சனம். நான் அம்பைப் போட்டதும் "ம்ம்ம்" என்று இரைந்தது. ஃபாதர் புருவத்தைத் தூக்கினார். முன் வரிசை வாங்கில் இருந்த உன் பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "அவன்ட மிசினெல்லோ?" என்று கோயில் முழுக்கக் கேட்கிறமாதிரி கேட்டார். வாசலில் ஜெனி மாமன் கையைப் பிடித்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. ரீட்டாவின் பக்கம் நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் எனக்கு விரல் ஓடியிராது.

தொடங்கினேன். நல்லாகத்தான் போனது. ஜெனி பாதி வழி வந்திருப்பாள். அவள் உதடு துடிப்பதைக் கண்டேன். கண்டதும் என் விரல் வழுக்கியது. பிழையான சுரம் மச்சான், சின்னப் பிழைகூட இல்லை, பச்சைப் பிழை. எக்கோ விடுமா? அதைப் பிடித்து இன்னும் பெருப்பித்து, கரகரவென்று பீடம் வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொன்னது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? யோசித்துச் செய்யவில்லை. பக்கத்தில் இருந்த எக்கோப் பெட்டியைத் திரும்பி ஒரு முறை முறைத்தேன். பிழையை அதுதான் விட்டதுபோல, வீட்டுக்குப் போய் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல. நீ பிழை விட்டபோதெல்லாம் செய்தது அதுதானே. பூசையிலும், கல்யாண வீட்டிலும், எங்கே பிழைத்தாலும் நீ உன் கையைப் பார்க்கமாட்டாய், அந்தப் பெட்டியைத்தான் முறைப்பாய். சனமும் பாவம் மிசினில் ஏதோ கோளாறு என்று நம்பும்.

ஜெனி அதைக் கண்டுவிட்டாள். முகத்திரைக்குள்ளிருந்து 'களுக்' என்று ஒரு சிரிப்பு. பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டே சிரித்தாள். பெரியம்மா சிரித்தார். உன்னைத் தெரிந்த வாங்குகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சிரித்தன. மாமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவரும் சிரித்தார். உன் மகள் சிரித்துக்கொண்டே பீடத்துக்குப் போனாள், மச்சான். நான் வாசிப்பதை முடித்த பிறகும் உன் எக்கோ கொஞ்ச நேரம் அவளுக்குப் பின்னால் போனது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ரீட்டா என் முன்னால் வந்து நின்றாள். கையில் மடிப்புக் குலையாத இரண்டு கைலேஞ்சி. "அழுவன் எண்டு ரெண்டு கொண்டு வந்தன் அண்ணன். பாருங்க, ஒண்டும் நனையல்ல" என்றாள். சொல்லிவிட்டு அவற்றில் ஒன்றை என்னிடம் தந்தாள், ஏனென்றால் அழுதுகொண்டு நின்றது நான். அது துக்கத்து அழுகை இல்லை. எத்தனையோ காலமாகத் தலையில் வைத்திருந்த ஒரு சுமையை யாரோ கைகொடுத்து இறக்கியது மாதிரி இருந்தது.

ராக்கை ஜெனி என்னிடமே விட்டிருக்கிறாள். ஆனால் நான் கொண்டு திரிவது அதை இல்லை. இப்போது உன்னை நினைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் வருவதில்லை, பெட்டியை முறைக்கிற நீதான் வருகிறாய். நேற்று வகுப்பில் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பிழையாகப் போட்டுவிட்டேன். ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னாள். முன்பென்றால் எனக்குக் காது சிவந்திருக்கும். நான் கையிலிருந்த வெண்கட்டியைத் தூக்கிப் பிடித்து நல்லா முறைத்துப் பார்த்தேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.