இடம் மாறிய ஊசி

வியாழன், இரவு.

முதலாமாண்டு மருத்துவ மாணவர்களின் உடற்கூறியல் செய்முறைத் தேர்வுக்காக, பதப்படுத்திய மூளையின் நடுப்பள்ளத்துக்கு முன்னால், உடம்பை அசைக்கும் மடிப்பில் ஊசி குத்தி வைத்தவன் நான். ஊசி நிற்கும் இடத்தின் பெயரை மாணவர்கள் எழுத வேண்டும். பாதித் தேர்வில் பார்த்தால், ஊசி பள்ளத்துக்குப் பின்னால், தொடுவுணர்வு மடிப்பில் நிற்கிறது. யாரோ பிடுங்கிப் பார்த்துவிட்டு மாற்றிக் குத்தியிருக்கிறார்கள். துறைத்தலைவர் கவனிப்பதற்குள் சத்தமில்லாமல் பழைய இடத்தில் குத்திவிட்டேன்.

மாலையில் சேதராப்பட்டு பஸ்ஸுக்கு நின்ற மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், ஊசி பின் மடிப்புலதான இருந்துச்சு? அப்படித்தான் எழுதிட்டேன்."

"இல்லம்மா, முன்னாடி."

"அப்ப நான்தான் தப்பா பாத்துட்டேன். சாரி சார்."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்!

அவள் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. இந்த ஒரு மதிப்பெண் போனால் தேறமாட்டாள். சரி போட்டால் துறைத்தலைவர் ஏன் என்பார். தப்புப் போடலாமென்றால், கை அசையமாட்டேன் என்கிறது.